இருபது எழுத்துப் பெயர்: விண்வெளிப் படங்களில் காணாமல் போன இரண்டு இந்தியர்கள்

சிவசுப்ரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. ஹால் 9000 என்ற கணினியை உருவாக்கி வளர்த்த விஞ்ஞானியின் பெயர் இது. ஆர்தர் சி. கிளார்க் 1982இல் வெளியிட்ட ‘2010: ஒடிஸி டூ’ நாவலில் முழுசாகவே அச்சாகியிருக்கிறது. பின்பாதியை ஆங்கிலத்தில் எழுத 20 எழுத்து வேண்டும். தமிழில் 11 போதும். 1984 டிசம்பரில் பீட்டர் ஹையம்ஸ் அதைப் படமாக்கி வெளியிட்டபோது அந்த விஞ்ஞானி ‘டாக்டர் ஆர். சந்திரா’ ஆகியிருந்தார். நடித்தவர் பாப் பாலபன், சிகாகோவில் பிறந்த வெள்ளை அமெரிக்கர்.

31 ஆண்டு கழித்து இன்னொன்று. ஆண்டி வியர் எழுதிய ‘தி மார்ஷியன்’ நாவலில் நாசாவின் செவ்வாய்ப் பயணங்களுக்குப் பொறுப்பாளர் வெங்கட் கபூர். ரிட்லி ஸ்காட்டின் 2015 படத்தில் அதே நாற்காலியில் வின்சென்ட் கபூர் உட்கார்ந்திருக்கிறார். நடித்தவர் சிவெட்டெல் எஜியோஃபோர், லண்டனில் நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்தவர்.

இரண்டையும் ஒரே கணக்கில் எழுதி ‘ஹாலிவுட் நம்மை ஒதுக்குகிறது’ என்று முடித்துவிடலாம். அப்படித்தான் பலரும் முடிக்கிறார்கள். ஆனால் ஒரு படத்தில் பெயரின் துண்டு தங்கி ஆள் போனார். மற்றதில் ஆள் மாற, அவருக்கு ஏற்றபடி பெயரும் மாறியது. கழன்ற மூட்டு வேறு, காரணம் வேறு, குற்றத்தின் எடையும் வேறு. அதைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு. பார்க்கும் இடம் தென்னாப்பிரிக்காவின் டர்பன். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் வந்து இறங்கியதிலிருந்து பெயர் சிதைவது என்ன என்பதை இந்த ஊர் அறியும். கரும்புத் தோட்டத்துப் பதிவேட்டில் கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனார், முதலி ‘மூட்லி’ ஆனார், பிள்ளை ‘பில்லே’ ஆனார். சாமி என்று முடியும் பெயர்களைப் பிடித்துக்கொண்டு இந்திய ஆண்கள் எல்லாரையும் ‘ஸேமி’ என்று கூப்பிட்டார்கள் வெள்ளைக்காரர்கள். இந்தியர் நிறைந்த சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் ஒரு தெருவில் நின்று ‘பில்லே’ என்று குரல் கொடுத்தால் நாலு கதவு திறக்கும். சந்திரசேகரம்பிள்ளையின் ‘பிள்ளை’ மட்டும் திரையில் தங்கியிருந்தால்கூட இங்கே அந்தப் படம் வேறு படமாக ஓடியிருக்கும்.

1984: பெயரின் கால்வாசி மிஞ்சியது

சந்திராவின் வரலாறு 1984இல் தொடங்கவில்லை. 1968இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தில் ஹால் உயிர் அடங்கும் நேரத்தில் தன் ஆசிரியர் பெயரைச் சொல்கிறது: லாங்லி. அதே ஆண்டு அச்சான கிளார்க்கின் நாவலில் அந்த இடத்தில் இருப்பது சந்திரா. கணினிக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் புத்தகத்தில் இந்தியர், திரையில் ஆங்கிலேயப் பெயர்க்காரர். அடுத்த படத்தில் சந்திரா என்ற பெயர் திரும்பி வந்ததே முன்னேற்றம் என்றும் வாதிடலாம். வந்தது பெயர் மட்டும்.

பாத்திரம் சின்னது என்று தட்டிக்கழிக்கவும் வழியில்லை. 116 நிமிடப் படத்தின் நெஞ்சே சந்திராதான். ஹால் ஏன் ஆட்களைக் கொன்றது என்ற முடிச்சை அவிழ்ப்பவர் அவர்: உண்மையை மறைக்கச் சொல்லி மனிதர் கொடுத்த உத்தரவும், தகவலைத் திரிக்காமல் சொல்லும்படி செய்யப்பட்ட அதன் அமைப்பும் மோதின, பழுது கணினியில் இல்லை, உத்தரவில் இருந்தது. கடைசியில் டிஸ்கவரி கப்பல் அழியப்போகிறது, கூடவே ஹாலும். எதுவும் சொல்லாமல் வேலையை முடிக்கலாம். சந்திரா உண்மையைச் சொல்கிறார். சொன்னதற்கு அந்த இயந்திரம் நன்றி சொல்கிறது, எனக்குக் கனவு வருமா என்று கேட்கிறது. தெரியாது என்கிறார், கண்ணில் நீர். பாலபன் அந்தக் காட்சியை நன்றாகவே செய்திருக்கிறார். குறை நடிப்பில் இல்லை. முகத்தில் சாயம் பூசவில்லை, பேச்சில் போலி இந்திய இழுப்பும் கிடையாது. கேலி செய்யவில்லை, அழித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

‘அந்தக் காலத்தில் ஆள் கிடைத்திருக்காது’ என்பது வழக்கமான சமாதானம். அதே படத்தின் மற்ற நடிகர் பட்டியல் இதற்குப் பதில் சொல்லும். பனிப்போர் உச்சத்தில் எடுத்த அமெரிக்கப் படம். கதையில் லியோனோவ் என்ற சோவியத் கப்பல். அதில் போகும் ரஷ்யர்களுக்கு சோவியத் ஒன்றியத்திலிருந்து வெளியேறிவந்த நடிகர்களையே தேடிப் பிடித்தார்கள்: எல்யா பாஸ்கின், நடாஷா ஷ்னைடர், ஒலெக் ருட்னிக், சோவியத் திரையில் பெரிய நகைச்சுவை நடிகராக இருந்துவிட்டு வெளியேறிய சவேலி கிரமரோவ். கப்பல் தலைவியாக வந்த ஹெலன் மிரனும் தந்தை வழியில் ரஷ்ய வம்சம். ‘எதிரி’ நாட்டானுக்கு உச்சரிப்பு சரியாக இருக்கவேண்டும் என்று இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள். அந்த மெனக்கெடல் சந்திராவிடம் வந்தபோது நின்றுபோனது.

வெளியுலகில் அந்த நேரம் என்ன நடந்துகொண்டிருந்தது? 1983இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் சுப்ரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1937 முதல் பணி. ஹால் பிறந்ததாகக் கதை சொல்லும் ஊர் அர்பானா. சிகாகோ இருக்கும் அதே இல்லினாய் மாநிலம். 1984 ஏப்ரல் 3 அன்று ராகேஷ் சர்மா சோயுஸ் டி-11இல் ஏறி, சல்யூட் 7 நிலையத்தில் இருந்துவிட்டு 11ஆம் தேதி திரும்பினார். சோவியத் கலத்தில் ஓர் இந்தியர் உண்மையிலேயே பறந்த எட்டாவது மாதம், சோவியத் கலத்தில் பறக்கும் இந்தியராக ஒரு வெள்ளை அமெரிக்கர் திரையில் வந்தார். கற்பனைக் கதை நடப்பு உலகத்துக்குப் பின்னால் நின்ற நேரம் அது.

எழுத்தாளரைக் கேட்க முடியாத நிலையும் இல்லை. கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். படவேலை நடந்தபோது அவரும் ஹையம்ஸும் கேய்ப்ரோ கணினியும் மோடமும் வைத்துக்கொண்டு கொழும்புக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் இடையே கடிதம் பரிமாறினார்கள். பிறகு அது தனிப் புத்தகமாகவும் வந்தது. சந்திரசேகரம் என்று ‘அம்’ கொடுத்து முடிப்பது யாழ்ப்பாணப் பழக்கம் என்பதைக் கவனிக்கவேண்டும். கதையில் அவர் இந்தியர். பெயரில் வீசுவது கிளார்க் வாழ்ந்த தீவின் காற்று.

திரைக்கதை வெட்டில் போனது சந்திரா மட்டுமல்ல. நாவலில் சியன் என்ற சீனக் கப்பல் எல்லாருக்கும் முந்திக்கொண்டு யூரோப்பா நிலவில் இறங்குகிறது, அங்கே அழிகிறது, பிழைத்த ஒரே விஞ்ஞானி கடைசித் தகவலை அனுப்பிவிட்டுச் சாகிறார். படத்தில் அந்தக் கப்பலே கிடையாது. அமெரிக்கா, ரஷ்யா என்று இரண்டு தரப்பு இருந்தால் கதை நேராக ஓடும், மூன்றாவது வந்தால் நீளும். நீளத்தைக் குறைக்கும் கத்தரி எப்போதும் ‘மூன்றாமவர்’ மீதுதான் முதலில் விழும். கெட்ட எண்ணம் தேவையில்லை, நிமிடக் கணக்கு போதும்.

2015: தையல் முதலிலேயே கோணல்

வெங்கட் கபூர் விஷயத்தில் நாம் கொஞ்சம் நேர்மையாகப் பேசவேண்டும். வேங்கடம் திருப்பதி மலை. அந்தப் பெயர் தமிழரிடமும் தெலுங்கரிடமும் கன்னடரிடமும் புழங்குவது. கபூர் பஞ்சாபிக் குலப்பெயர். இரண்டும் ஒரே ஆளில் சேரவே முடியாது என்றில்லை; கலப்புத் திருமணம் இருக்கிறது. ஆனால் நாவல் அப்படி எந்த விளக்கமும் தருவதில்லை. ‘இந்தியப் பெயர்’ என்ற பெட்டிக்குள் கைவிட்டு இரண்டு சீட்டு எடுத்ததுபோல் இருக்கிறது. இங்கே கோயில் திருவிழாவில் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். ‘அம்மா தமிழா, அப்பா ஹிந்தியா’ என்றுதான் முதல் கேள்வி வரும்.

வியர் தன் ஆட்களின் உருவத்தைப் பெரும்பாலும் வர்ணிப்பதில்லை. நிறம், உயரம், முகம் எதுவும் இல்லை. பெயரும் வேலையும் பேச்சும்தான். வாசிப்பவருக்கு இது சுதந்திரம். படமாக்குகிறவருக்கு இது ஓட்டை. பாத்திரத்தை ஓர் இனத்தோடு கட்டிவைக்கும் ஒரே கயிறு பெயர். அந்தக் கயிற்றை மாற்றினால் வேறு எதுவும் தடுக்காது.

வேடத்துக்கு முதலில் பேசப்பட்டவர் இர்ஃபான் கான். ‘பீகூ’ படத்துக்குக் கொடுத்திருந்த தேதிகள் இடித்ததால் அவரால் வரமுடியவில்லை. ‘தி மார்ஷியன்’ 2014 நவம்பரில் ஹங்கேரியில் படப்பிடிப்பு தொடங்கியது. தேதி இடித்து ஒரு நடிகர் விலகும்போது அடுத்தவரைத் தேடக் கிடைக்கும் காலம் பெரும்பாலும் வாரக்கணக்கில்தான். தேடுகிறவர் ‘அதே இனத்தில் அடுத்தவர் யார்’ என்று பார்ப்பாரா, ‘அதே மதிப்பில், தேதி காலியாக இருப்பவர் யார்’ என்று பார்ப்பாரா? பெரிய பட்ஜெட்டில் இரண்டாவதுதான் நடக்கும். இந்திய நடிகர்களில் ‘அதே மதிப்பு’ என்ற வரிசையில் அன்று இர்ஃபானுக்குப் பின்னால் அவர்கள் கண்ணுக்கு எத்தனை பேர் தெரிந்திருப்பார்கள் என்பதுதான் உண்மையான சிக்கல். ஒரே ஒரு நடிகர் மேல் ஒரு நாட்டையே தொங்கவிட்டால், அவர் தேதி மாறும்போது நாடும் விழும்.

எஜியோஃபோர் வந்தபின் ஒட்டுப் போட்டார்கள். நாவலில் கடவுள் நம்பிக்கை பற்றிய கேள்விக்கு, இந்து என்பதால் தனக்கு நிறையக் கடவுள்கள் என்ற பொருளில் வெங்கட் பதில் சொல்கிறார். படத்தில் அது தந்தை இந்து, தாய் பாப்டிஸ்ட் என்று ஆனது. கபூர் மிஞ்சுவதற்கு அப்பா ஒருவர் தேவைப்பட்டார், அவரை ஒரே வரியில் பெற்றெடுத்துவிட்டார்கள். ஆனாலும் 1984ஐ விட இது மரியாதையான வேலை. ஆள் மாறியதை ஒளிக்கவில்லை. மாறிய ஆளுக்கு ஏற்றபடி பெயரையும் பிறப்பையும் திருத்தினார்கள்.

இதில் டர்பன் காதுக்கு மட்டும் விழும் ஒரு வேடிக்கை உண்டு. வின்சென்ட் நமக்கு அந்நியப் பெயரே இல்லை. இங்கே ஞாயிற்றுக்கிழமை எந்த இந்தியச் சபைக்குப் போனாலும் வின்சென்ட் நாயுடு, வின்சென்ட் பிள்ளை இருப்பார்கள். உள்ளதைச் சொன்னால் வெங்கட் கபூரைவிட வின்சென்ட் கபூர் நம்பும்படியான தென்னாப்பிரிக்க இந்தியர். பெயரை மாற்றியபோதும் இந்திய நடிகரையே போட்டிருக்க முடியும் என்பதற்கு நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகைகளே சாட்சி.

2015 அக்டோபரில் அமெரிக்காவின் மீடியா ஆக்‌ஷன் நெட்வொர்க் ஃபார் ஏசியன் அமெரிக்கன்ஸ் அமைப்பு கண்டனம் வெளியிட்டது. கபூரோடு மிண்டி பார்க் என்ற பாத்திரத்தையும் சேர்த்தது. பார்க் என்பதைக் கொரியப் பெயராக எடுத்துக்கொண்ட அமைப்பு, வேடம் வெள்ளை நடிகை மக்கென்ஸி டேவிஸுக்குப் போனதைக் கேட்டது. அதே படத்தில் பெனடிக்ட் வோங், டொனால்ட் க்ளோவர், மைக்கேல் பேன்யா, சீன நடிகர்கள் எடி கோ, சென் ஷூ எல்லாரும் இருக்கிறார்கள். கப்பல் தளபதி பெண். மொத்தத்தில் பார்த்தால் அந்த ஆண்டின் பன்முகமான விண்வெளிப் படம் அதுதான் என்று சொல்லவும் இடமிருக்கிறது. மொத்தம் நன்றாக இருக்கும்போதே ஒரு குறிப்பிட்ட கட்டம் காலியாகலாம். ‘வெள்ளையரல்லாதவர் எத்தனை’ என்று ஒரே எண்ணில் கூட்டினால் எஜியோஃபோர் வந்ததும் எண் மாறவே மாறாது. இந்தியர் போனது கணக்கில் தெரியாது.

இந்தக் கேள்வி டர்பனில் கேட்கப்படும்போது இன்னொரு நெளிவு வரும். ஸ்ட்ரினி மூட்லி, சாத்ஸ் கூப்பர் போன்றோர் ஸ்டீவ் பிக்கோவுடன் நின்ற கறுப்பின விழிப்புணர்வு இயக்கம், ஆப்பிரிக்கர், கலப்பினர், இந்தியர் மூவரையும் ‘கறுப்பர்’ என்ற ஒரே சொல்லுக்குள் தெரிந்தே கொண்டுவந்தது. அந்தப் பாரம்பரியத்தில் வளர்ந்தவர் ஒரு கறுப்பு நடிகர் நாசா அதிகாரியாக வந்ததை நட்டம் என்று சொல்லத் தயங்குவார். தயங்குவது நியாயம். எஜியோஃபோர் வந்தது நட்டமில்லை. நட்டம், ஒருவர் உள்ளே வர இன்னொருவர் வெளியே போகவேண்டும் என்று ஒற்றை நாற்காலி போட்டுவைத்திருப்பது.

இதே குடும்பத்து வேறு கதைகளையும் ஓரமாகக் குறித்துக்கொள்ளலாம். ‘ஸ்டார் ட்ரெக்’ 1967இல் உருவாக்கிய கான் நூனியன் சிங், பெயரிலேயே சிங். முதலில் மெக்சிகோ நடிகர் ரிக்கார்டோ மோன்டல்பான், 2013இல் பெனடிக்ட் கம்பர்பேட்ச். 46 ஆண்டு கிடைத்தும் சிங்குக்கு ஓர் இந்தியர் வாய்க்கவில்லை. அதே தொடரின் 1979 படத்தில் பம்பாய் நடிகை பெர்சிஸ் கம்பாட்டா வந்தார். மொட்டை அடித்துக்கொண்டு, வேற்றுக்கிரகப் பெண்ணாக. இந்தியப் பெயருக்கு இந்தியர் இல்லை, இந்தியருக்கு இந்தியப் பெயர் இல்லை.

எண்ணிப் பார்க்கும் முறை

தமிழ் வகுப்போ நூலகக் குழுவோ ஒரு படத்தை இப்படி அலச விரும்பினால் இரண்டு சனிக்கிழமை போதும். ஆறு பேர், ஒரு மடிக்கணினி, காது கேளாதோருக்கான ஆங்கிலத் துணையெழுத்து உள்ள பிரதி. அந்த வகைத் துணையெழுத்தில்தான் பேசுபவர் திரைக்கு வெளியே இருக்கும்போது பெயர் குறிக்கப்பட்டிருக்கும். படத்தைப் பத்துப் பத்து நிமிடமாக வெட்டுங்கள். 116 நிமிடத்துக்கு 12 துண்டு, கடைசியில் 6 நிமிடம். மூன்று ஜோடி, ஜோடிக்கு நான்கு துண்டு. ஒருவர் பார்ப்பார், ஒருவர் எழுதுவார், துண்டு மாறும்போது வேலையும் மாறட்டும். இருவரும் ஒரே நேரத்தில் பார்த்து எழுதினால் இருவரும் ஒரே இடத்தைத் தவறவிடுவார்கள்.

தாளில் எட்டுக் கட்டம்: பாத்திரத்தின் பெயர் படத்தில் சொல்லப்படுகிறதா, முழுசாகவா துண்டாகவா, பேசிய சொற்கள், உத்தரவு கொடுத்த தடவை, உத்தரவு வாங்கிய தடவை, அறிவியலை விளக்கிய தடவை, கடைசியாக உயிரோடு தெரிந்த நிமிடம், நடித்தவர் யார்.

உத்தரவுக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். 1984 ஆகஸ்டில் நிறவெறி அரசு நாடாளுமன்றத்தில் இந்தியருக்கென்று தனி அவை என்று ஒன்று வைத்து நம்மைத் தேர்தலுக்குக் கூப்பிட்டார்கள். பெரும்பாலோர் வாக்களிக்கப் போகவில்லை. நாற்காலி கொடுத்துச் சாவியை வைத்துக்கொள்வது என்ன என்று பார்த்த ஊர் இது. திரையில் விண்வெளி உடை போட்டு நிற்கும் ஒருவர் படம் முழுக்க ‘சரி, தளபதி’ மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், ஆள் எண்ணிக்கையில் அவர் ஒன்று, இந்தக் கட்டத்தில் பூஜ்யம்.

தவறு வரும் இடங்கள் சில. துணையெழுத்துத் துண்டுகளை எண்ணக்கூடாது, சொற்களைத்தான் எண்ணவேண்டும். ஒரே வாக்கியம் இரண்டு துண்டாக உடையும். வளவளவென்று பேசுபவருக்குத் துண்டு கூடும். ‘தி மார்ஷியன்’ மாதிரிப் படத்தில் கதாநாயகன் தனியே கேமராவிடம் பேசிக்கொண்டே இருப்பான். அவன் குறிப்புகளைச் சேர்த்து ஒரு கணக்கு, விலக்கி ஒரு கணக்கு என்று இரண்டும் போடாவிட்டால் மற்ற எல்லார் பங்கும் சுருங்கி, எதுவும் தெரியாது. ஹால் மாதிரிக் குரல் மட்டும் உள்ள பாத்திரத்துக்குத் தனி வரி. பச்சை, நீலம் பூசிய வேற்றுக்கிரக வேடங்களில் நடிகரையும் பாத்திரத்தையும் வேறு வேறு கட்டத்தில் எழுதவேண்டும்.

நேரத்தைக் கணக்கிடுபவர்களுக்கு நம் நாட்டுக்கே உரிய ஒரு வில்லங்கம். இங்கே விற்ற டிவிடிகள் ‘PAL’ என்ற ஒளிபரப்பு முறை. விநாடிக்கு 24 ஃப்ரேமில் எடுத்த படத்தை 25இல் ஓட்டும், ஆகவே 116 நிமிடப் படம் சுமார் 111 நிமிடத்தில் முடிந்துவிடும். அமெரிக்கப் பிரதிக்குச் செய்த துணையெழுத்துக் கோப்பை இதோடு சேர்த்தால் நிமிடத்துக்கு இரண்டரை விநாடி அளவில் விலகிக்கொண்டே போய், முடிவில் நாலரை நிமிடத்துக்கு மேல் பிசகும். ‘கோப்பு கெட்டுப்போச்சு’ என்று வேறு தேடாமல் கோப்பின் எல்லா நேரங்களையும் 0.96ஆல் பெருக்கினால் சரியாகும். தமிழ்க் குறிப்பு சேர்த்துச் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகும்.

உயிரோடிருந்த நிமிடம் எதற்கு என்று கேட்பவர்கள் டேனி பாய்லின் 2007 ‘சன்ஷைன்’ படத்தை எடுத்துப் பார்க்கலாம். எட்டுப் பேர் கொண்ட கப்பல், தலைவர் ஜப்பானியர் ஹிரோயுகி சனாடா, கூட மிஷேல் யோ, பெனடிக்ட் வோங், கிளிஃப் கர்டிஸ். முதல் காட்சியில் எண்ணினால் கைதட்டலாம். கப்பலில் முதலில் சாவது அந்தத் தலைவர். பத்தாவது நிமிடத்தில் ஒரு கணக்கு, கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு கணக்கு எடுத்துப் பக்கத்தில் வைத்தால் சில படங்களின் நிறம் மெதுவாக வெளுப்பது கண்ணுக்குத் தெரியும்.

ஒரு விதியில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: முகத்தைப் பார்த்து இனத்தை எழுதாதீர்கள். 1950ஆம் ஆண்டு மக்கள்தொகைப் பதிவுச் சட்டத்தின்கீழ் முகத்தையும் தலைமுடியையும் பார்த்து ஆட்களைப் பெட்டி பிரித்த குமாஸ்தாவின் வேலை அது. 1991இல்தான் அந்தச் சட்டம் போனது. பாத்திரம் பற்றிப் படம் என்ன சொல்கிறது, நடிகர் தன்னைப் பற்றி வெளிப்படையாக என்ன சொல்லியிருக்கிறார், இவை இரண்டையும் மட்டும் எழுதுங்கள். எதுவும் சொல்லப்படவில்லையென்றால் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். வெறும் கட்டமும் தகவல்தான்.

திரைக்கு வெளியேயும் இதே தாளை நீட்டலாம். ஜோஹனஸ்பர்க் பக்கத்து ஹார்டிபீஸ்ட்ஹூக்கில் 1961 முதல் 1974 வரை நாசாவின் ஆழ்விண்வெளி நிலையம் இருந்தது. நிலவுக்கும் செவ்வாய்க்கும் போன கலங்களை அது பின்தொடர்ந்தது. வேலையோ நிறவெறி விதிப்படி பிரிக்கப்பட்டிருந்தது. கறுப்பர்களுக்குத் தொழில்நுட்பப் பணி எட்டாது. அமெரிக்கக் காங்கிரஸின் கறுப்பு உறுப்பினர்கள் இதைக் கண்டித்துக் குரல் எழுப்பினார்கள், நாசா வெளியேறியது. செவ்வாயின் சேதி வந்து விழுந்த மண்ணில் அதைக் கேட்கும் கருவிக்கு முன் யார் உட்காரலாம் என்று நிறம் தீர்மானித்தது.

நம் வீட்டுப் படத்தையும் விடவேண்டாம். 2018இல் வந்த ஜெயம் ரவியின் ‘டிக் டிக் டிக்’ தமிழ் பேசும் விண்வெளிப் படம். பெயர்க் கட்டம் எல்லாம் நிறையும். பறக்கும் குழுவில் பெண் நிவேதா பெத்துராஜ் ஒருவர். உத்தரவுக் கட்டத்தை நேர்மையாக நிரப்பிப் பார்க்கலாம்.

படம் எடுப்பவர்களுக்கு

டர்பனில் 1979 முதல் திரைப்பட விழா நடக்கிறது. சின்ன பட்ஜெட்டில் அறிவியல் புனைவு எடுக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். பாத்திரம் நழுவாமல் இருக்க மூட்டுகளைத் திரைக்கதையிலேயே இறுக்கவேண்டும். முதல் பத்து நிமிடத்துக்குள் இன்னொரு பாத்திரத்தின் வாயால் முழுப் பெயரைச் சொல்ல வையுங்கள். சொல்பவர் ஒருமுறை தடுமாறினாலும் பரவாயில்லை, தடுமாற்றத்தைக் கேலியாக்காதவரை. பிறகு அந்தப் பின்னணி இல்லாமல் ஓடாத ஒரு கதைச் சம்பவத்தைக் கோர்த்துவிடுங்கள். ஆடிக்கூழ் ஊற்றும் நாளை நினைவுவைத்துத் தேதியைக் கணக்கிடுபவரை வேறு ஊர்க்காரராக மாற்றவேண்டுமானால் காட்சியையே திருப்பி எழுதவேண்டும். சோம்பலே காவல் நிற்கும். ‘அப்பா இந்து’ என்ற ஒற்றை வரி அப்படி நிற்காது, யார் வாயிலும் ஒட்டும்.

நடிகர் தேர்வில் ஒருவரிடம் தேதி வாங்கும்போதே அதே பின்னணியில் இரண்டாமவர், மூன்றாமவரிடம் தேதியை எழுத்தில் பிடித்துவையுங்கள். முதல் ஆள் விலகும் நாளில் தேடத் தொடங்கினால் 2014இல் நடந்ததுதான் நடக்கும். பெயர் உச்சரிப்பை வீட்டுப் பெரியவர் ஒருவரின் குரலில் பதிவுசெய்து எல்லா நடிகருக்கும் அனுப்புங்கள். இல்லாவிட்டால் படப்பிடிப்பில் ஐந்து விதமான ‘பில்லே’ பதிவாகி, குரல் சேர்ப்பில் இரண்டு நாள் போகும்.

உடைப் பெயர்ப்பட்டை கடைசி மூட்டு. பத்து சென்டிமீட்டர் பட்டையில் ஆங்கிலத்தில் 20 எழுத்து என்றால் எழுத்துக்கு 5 மில்லிமீட்டர்தான். தையல் இயந்திரம் அதைத் தைத்துவிடும், ஆனால் நடுத்தரத் தூரத்தில் வைத்த கேமரா படிக்காது. அப்போதுதான் கலை இயக்குநர் ‘சந்திரா போதுமே’ என்பார். பட்டையை இரண்டு வரியாக்குங்கள்: மேலே சந்திரசேகரம், கீழே பிள்ளை. அல்லது தமிழில் தையுங்கள், 11 எழுத்து, எழுத்துக்கு 9 மில்லிமீட்டர் வரை இடம் கிடைக்கும். ‘ந்’, ‘ம்’, ‘ள்’ மூன்றின் புள்ளிகளும் நூலில் மூழ்கிவிடும் என்பதால் அவற்றை மட்டும் கையால் தைக்கச் சொல்லவேண்டும்.

பழைய படத்துக்குத் தமிழ்த் துணையெழுத்து செய்பவருக்கு ஓர் ஆசை வரும்: வாய் ‘சந்திரா’ என்னும்போது கீழே ‘சந்திரசேகரம்பிள்ளை’ என்று போட்டுவிடலாமே. வரிக்கு 42 எழுத்தளவு, இரண்டு வரி என்ற வழக்கமான அளவுக்குள் தாராளமாக அடங்கும். போடக்கூடாது. படம் சொல்லாததைத் துணையெழுத்து சொன்னால் 1984இல் நடந்தது நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். அவர் பெயரைத் திரையிடலுக்கு முன் கையில் கொடுக்கும் தாளில் முழுசாக, பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.